வீட்டிலிருந்து அழித்த பெயர்

யுத்தத்தின் கடைசி வருடங்களில் கண்டி நகரத்தில் ஓர் உர நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஹுன்னஸ்கிரிய, கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்கு எந்த உரம் எப்போது போனது என்று பதிவதுதான் வேலை. எந்த வீதியை எப்போது மூடுவார்கள் என்று தெரியாத காலம். ஆகவே எங்களில் மூன்று பேர் வீட்டிலிருந்தே அலுவலகக் கணினியைத் திறந்து வேலை செய்யப் பணிப்பாளர் ஏற்பாடு செய்தார்.

நகரத்தின் மஹய்யாவ பகுதியிலிருந்த எங்கள் வீட்டில் அதைப் பொருத்தித் தந்தது மகன். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அலுவலகத்தில் என் மேசைத் திரையில் இருப்பதெல்லாம் வீட்டுத் திரையில் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல வரும். பொறுமையிழந்து அழுத்திக்கொண்டே இருப்பேன்.

"அம்மா, ஒருக்கா அழுத்தினாக் காணும். நீங்க அழுத்துற அழுத்தில அங்க மேசை உடையப்போகுது" என்பான்.

எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. நான் இங்கே அம்புக்குறியை நகர்த்தினால் அங்கே, வெறும் கதிரைக்கு முன்னால், அதுவும் நகரும். காவலாளி பார்த்தால் என்ன நினைப்பான்? புறப்படும்போது திரையை அணைத்தேனா, இல்லையா? நான் அங்கே பார்க்கலாம் என்றால் அங்கிருந்து ஒருவர் என் வீட்டுக்குள் பார்க்கமாட்டார் என்பதற்கு என்ன நிச்சயம்? மகன் இதற்கெல்லாம் சிரிப்பான். அவன் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். அது அவனுடைய அடையாள அட்டையின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது; சோதனைச்சாவடியில் அதைப் பார்த்தாலே சந்தேகப்படுவார்கள். அவன் கம்பியூட்டர் வகுப்புக்குப் போனால் திரும்பி வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறைக் காலை, முடிக்காத வேலை ஒன்றுக்காக அலுவலகக் கணினியைத் திறந்தேன். எல்லோரும் பாவிக்கும் பொதுக் கோப்புறையில் புதிதாக ஒரு கோப்பு இருந்தது. பெயர், ஆங்கில எழுத்தில், 'தெமள'.

தமிழர் என்பதற்கான சிங்களச் சொல். அலுவலகத்தில் நாளும் பொழுதும் காதில் விழுவதுதான். ஆனால் எண்பத்து மூன்று கலவரத்தில், பேராதனையில் படித்துக்கொண்டிருந்தபோது, தங்கியிருந்த வீட்டுப் படலைக்கு வெளியே அந்தச் சொல்லைப் பலர் சேர்ந்து கத்தியதைக் கட்டிலின்கீழ் படுத்தபடி கேட்டிருக்கிறேன். வந்தவர்களில் ஒருவன் கையில் தாள் வைத்திருந்தானாம். பார்த்துப் பார்த்துத் தமிழர் வீட்டிலக்கம் சொன்னானாம். வீட்டுக்காரி பிறகு சொன்னாள்.

கோப்பைத் திறந்தேன். எங்கள் அலுவலகத்தின் ஆறு தமிழர், அவர்களுடைய குடும்பத்தார். பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, பிறந்த இடம். நான், கணவர், மூன்றாவதாக மகன். தயாரித்தவர் என்ற இடத்தில் என் பக்கத்து மேசைக்காரியின் பெயர்.

அவள் சிங்களப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். தகப்பன் கலஹாவில் கடை வைத்திருந்ததால் தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவாள். "நீங்க பேசுறது தமிழா அக்கா? சும்மா சும்மா ஓம், ஓம்னு சாமி கும்புடுற மாதிரியே இருக்கு" என்று என்னைச் சீண்டுவாள். என் சோற்றுப் பார்சலில் பாதி அவளுக்குப் போகும். போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் மகன் எங்கே பிறந்தவன் என்று கேட்டாள். நானும் சொன்னேன். அது இப்போது ஒரு கட்டத்துக்குள் இருந்தது.

தொலைபேசியில் அவளைக் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் பார்த்தது தெரிந்துவிடும். என் பெயரையும் கணவர் பெயரையும் எடுத்தால் உடனே கவனிப்பார்கள். மகனின் வரியை மட்டும் அழித்தேன். கீழேயிருந்த வரிகள் மேலே ஏறி இடைவெளியை மூடிக்கொண்டன. சேமித்துவிட்டு இணைப்பைத் துண்டித்தேன். கணவரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவள் ஒரு கடித உறையை என் மேசையில் வைத்தாள். நிறுவனக் கடிதத்தாளில், சிங்களத்தில், பணிப்பாளரின் கையொப்பத்துடன் ஒரு கடிதம். இவர் எங்கள் ஊழியர், இந்த முகவரியில் குடும்பத்துடன் வசிக்கிறார், இவர்களை எங்களுக்குத் தெரியும். கீழே குடும்பத்தாரின் பெயர்கள். சோதனைச்சாவடிகளில் காட்டுவதற்கு.

இரண்டு பெயர்கள்தான் இருந்தன.

"பையன் பேரு எங்க?" அவளே எட்டிப் பார்த்தாள். "நான் போட்டேனே அக்கா!"

அந்த நேரம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "நீர் மறந்திருப்பீர்" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "இருக்கும். சரி, புதுசா அடிச்சிறலாம். ஆனா சைன் வைக்க டைரக்டர் புதன்கிழமைதான் வருவாரு."

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மகன் தொலைபேசியில் பேசினான். "அம்மா, என்னைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டினம். ஆரும் பொறுப்புச் சொல்லிக் கடிதம் தந்திருக்கினமோ எண்டு கேக்கினம்." குரலில் விளையாட்டு எதுவும் இல்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். நிலையத்தில் என் கடிதத்தை வாசித்த அதிகாரி இரண்டு பெயர்களின்மீதும் விரல் வைத்தார். மகன் எங்கே என்றார். எனக்குச் சிங்களம் வாயில் வரவில்லை. அவள்தான் பேசினாள்: தட்டச்சு செய்தது நான், விட்டுப்போனது என் பிழை, இவனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். உண்மையில் அவளுக்கு அப்படியொன்றும் தெரியாது, இரண்டு தரம் கண்டிருப்பாள். தன் அடையாள அட்டையைக் கொடுத்து எழுதிக்கொள்ளச் சொன்னாள். மூன்று மணிக்கு மகனை விட்டார்கள். அடிக்கவில்லை என்றான். நான் மூன்று தரம் கேட்டேன்.

திரும்பும்போது ஓட்டோவில் மகன் முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் ஒடுங்கியிருந்தான். நான் பார்த்தது தெரிந்தாலும் பரவாயில்லை என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன்: "அந்தப் பட்டியல் ஏன் எடுத்தனீர்?"

"பொலிசுல கேட்டாங்க அக்கா. எல்லா ஆபீசுலயும் கேக்குறாங்களாம். டைரக்டர் சொன்னாரு, குடுத்துத்தான் ஆகணும், அப்ப நம்ம ஆளுங்க கையில ஒரு கடிதமும் குடுப்போம்னு."

"அப்ப பட்டியல் போயிட்டுதோ?"

"நேத்தே போயிருச்சே. பையன் பேரு இல்லாமத்தான் போயிருக்கு. புதுசா ஒண்ணு அனுப்பணும்." பிறகு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "இன்னிக்கே நீங்களே போட்டுருங்க அக்கா. உங்களுக்குத்தான் வீட்டுல இருந்தே செய்யத் தெரியுமே."

அவள் தெரிந்து சொன்னாளா, சும்மா சொன்னாளா? அதற்குப் பிறகும் இரண்டு வருடம் பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. என் பிழையை அவள் ஏற்றுக்கொண்டதற்கு நன்றி சொல்லவும் முடியவில்லை. சொன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பின்னேரம் மகன் குளித்துவிட்டு வந்து என் பின்னால் நின்றான். திரை மேலிருந்து கீழாக வந்தது. கணவரின் பெயருக்குக் கீழே ஒரு வரியைச் சேர்த்தேன். பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் கடிதம் செல்லாது. ஆகவே அவனுடைய அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து அடித்தேன். இந்த வரி அவன் சட்டைப்பைக்கும் போகும், பொலிசின் அலுமாரிக்கும் போகும். ஒன்றுக்கு மட்டும் அனுப்ப வழியில்லை.

பிறந்த இடம் என்ற கட்டத்தில் என் விரல் நின்றது.

"போடுங்கோ அம்மா" என்றான். "அட்டையில இருக்கிறதைத்தானே போடவேணும்."

யாழ்ப்பாணம் என்று அடித்துச் சேமித்தேன்.