மைக் செட் இழுத்த மூன்று விசேஷங்கள்

என் வீட்டுக்காரர் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த காலம் அது. பொங்கலூர், பல்லடம் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ, பெரும்பாலும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவார்கள். எனக்குப் படிப்பு கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான். ஆனால் ஆம்ப்ளிஃபயரில் எந்தத் திருகு பாட்டுக்கு, எந்தத் திருகு மைக்குக்கு என்று அவரே என்னிடம் கேட்பார். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

விசேஷ வீட்டில் செட்டோடு உட்கார ஓர் ஆபரேட்டரை வைத்திருந்தோம். சிவகாசிப் பக்கத்து ஆள், முப்பது வயது இருக்கும். பெண்சாதி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். இரண்டு பிள்ளைகளோடு, வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள்.

அந்த வருஷம் அடுத்தடுத்து இரண்டு விசேஷத்தில் செட் இழுத்துவிட்டது. பாட்டு நன்றாகத்தான் தொடங்கும். மேளம் ஓங்கி அடிக்கும் இடம் வந்ததும் சத்தம் அமுங்கி, கரகரவென்று போகும். நாலில் நிற்க வேண்டிய திருகை அவன் எட்டில் வைத்தாலும் ஏறாது. அதே செட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து நான் சன்னமாகப் போட்டால் சுத்தமாகப் பாடும்.

என் கையில் பாடுவது அவன் கையில் ஏன் இழுக்கிறது? தனியாக செட் போடப் போகிறான், அதற்கு முன் எங்கள் பெயரைக் கெடுக்கிறான் என்று எனக்குள் சந்தேகம் விழுந்துவிட்டது. விழுந்த பிறகு அவன் எது செய்தாலும் அதற்குத்தான் என்று பட்டது. விசேஷக்காரரோடு சிரித்துப் பேசினால் ஆள் பிடிக்கிறான். டீ குடிக்கப் போனால் யாரையோ பார்க்கப் போகிறான். திருகை யாருக்கும் தெரியாமல் இறக்கி வைக்கிறானா என்று பார்க்க, அதன் ஓரத்தில் நகப்பூச்சால் பொட்டுக்கூட வைத்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏனுங், அவன் கையிலதானுங்க ஏதோ இருக்குது."

"வாரத்துல ரெண்டு நாள் சந்தேகப்படற நீ, இப்பத் தினமுமா?" என்றார். பிறகு யோசித்து, "செரி. ஞாயித்துக்கிழமை காதுகுத்துலயும் இழுத்துச்சுன்னா அனுப்பிச்சுரலாம்" என்றார்.

செட்டைக் கெடுத்தவன் என்று ஒரு முதலாளி அனுப்பிவிட்டால், இந்தப் பக்கத்தில் வேறு எந்த செட்டுக்காரரும் அவனைச் சேர்க்கமாட்டார். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

காதுகுத்துக்கு வீட்டுக்காரரோடு நானும் போனேன். தாய்மாமன் சீர்த்தட்டோடு வாசலில் நிற்கிறார். பாட்டு எடுத்தது. மேளம் வந்தது. செட் இழுத்தது.

"ஏனுங்கம்மா, உங்க செட்டுக்குச் சளி புடிச்சிருக்குதுங்ளா? கசாயம் வெக்கச் சொல்லட்டுங்ளா?" என்றார் விசேஷ வீட்டுக்காரர். பந்தலே சிரித்தது. நான் ஆபரேட்டரைப் பார்த்தேன். அவன் முகம் செத்துப்போயிருந்தது. நடிக்கிறான் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அவன் கேசட்டை மாற்றினான். அதே இழுவை. குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். அதே இழுவை. சுவர் பிளக்கில் ஒயர் கோத்த பல்பு ஒன்றைச் சொருகினான், பளீரென்று எரிந்தது. கரண்டில் குறை இல்லை. பிறகு ஒயரைக் கையால் தடவிக்கொண்டே மேஜைக்கு அடியில் குனிந்தான். அங்கே ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் கரண்ட் கொடுக்கிற மரப்பெட்டி இருந்தது. தொட்டவன் கையை வெடுக்கென்று எடுத்தான்.

"பெட்டி ஏன் இப்படிச் சுடுது?"

மூடியைத் திறந்தான். உள்ளே ஒரு நூறு வாட்ஸ் பல்பு. மேளத்தின் ஒவ்வொரு அடிக்கும் பளிச், பளிச் என்று எரிந்து தணிந்தது. செட்டுக்குப் போக வேண்டிய கரண்டை நடுவில் நின்று அது தின்றுகொண்டிருந்தது.

அதை வைத்தவள் நான். எங்கள் ஊர்ப்பக்கம் ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகள் எல்லாம் மூடிவிட்டால் கரண்ட் ஏகத்துக்குக் கூடி வரும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் செட் புகைந்துபோனது. ரிப்பேர் பார்க்கும்போது வீட்டுக்காரர் நடுவில் பல்பு வைத்துத்தான் கரண்ட் கொடுப்பார். பல்பு இருந்தவரை எதுவும் எரிந்ததில்லை. அதனால் இந்த விசேஷங்களுக்கு முன்பே நானே ஒயரைச் சீவி, ஹோல்டர் மாட்டி, பெட்டிக்குள் வைத்து மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்களே. சன்னமாகப் பாடும்போது பல்பு ஒன்றும் செய்யாது, ஓங்கிப் பாடினால்தான் கரண்டை மறிக்கும் என்பது எனக்குத் தெரியாது.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். மூடியை மூடினான். பெட்டியைத் தள்ளிவிட்டு, பிளக்கை நேராகச் சுவரில் சொருகினான். பந்தல் அதிர்ந்தது. ஓடிவந்த என் வீட்டுக்காரரிடம், "பிளக் லூசு அண்ணே" என்றான்.

எதற்கு என்னைக் காப்பாற்றுகிறான்? இதை வைத்துப் பிறகு என்ன கேட்பான்? என் புத்தி அங்கேதான் போனது.

"லூசு பிளக்கைப் பாக்க உனக்கு மூணு விசேஷம் ஆச்சா?" என்றார் வீட்டுக்காரர். "நாளைல இருந்து வர வேண்டாம் போ."

அவன் பாட்டை நிறுத்தினான். கேசட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்கினான். சுற்றிலும் சனம். சீர்த்தட்டுக்காரர்கள், விசேஷத்துக்கு வந்திருந்த என் நாத்தனார்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கடைசிக் கேசட்டையும் பையில் வைத்தான்.

"அவன் இல்லீங்க. நாந்தான் கரண்ட் பெட்டிக்குள்ள பல்பு வெச்சேனுங்க," என்றேன்.

வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "அட கிறுக்கி," என்றார், எல்லார் முன்னாலும்.

"நீ ஏனப்பா பொய் சொன்னே?" என்று அவனிடம் கேட்டேன்.

"நெசத்தைச் சொன்னா, பல்பையும் நாந்தான் வச்சேன்னு சொல்லுவீகக்கா. மூணு வாரமா என்னையத் திருடனைப் பாக்குற மாதிரியில்ல பாக்குறீக?"

என் கண் திருகில் நான் வைத்த பொட்டுக்குப் போனது.

"நான் வேலையில இருக்கணும்னா ஒரு விஷயம், அக்கா," என்றான். "இனிமே செட்டுல கை வைக்குறதுன்னா என்கிட்டச் சொல்லிட்டு வைங்க. இல்லன்னா இப்பவே கிளம்புறேன்."

சம்பளம் வாங்குகிறவன், முதலாளி வீட்டுப் பொம்பளைக்கு, அத்தனை பேர் நடுவில் சட்டம் போட்டான். எனக்குக் காது இரண்டும் சுட்டது. வீட்டுக்காரர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"செரி தம்பி," என்றேன்.

அவன் கேசட்டை எடுத்துப் போட்டான். தாய்மாமன் உள்ளே வந்தார்.