இறக்கத்தில் கியர்

பெரியவண்டிக்காரர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். இருபத்தாறு வருஷமாகப் பதினாறு சக்கர லாரி ஓட்டியவர், மூன்று வாரமாக வீட்டுக்குள் அடைந்து கிடந்தார். சோபாவில் உட்கார்ந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். எழுந்து ஜன்னலுக்குப் போவார். குழாயை மூடுவார், மூடிய குழாயையே மறுபடி போய் மூடுவார். இருப்புக் கொள்ளவில்லை.

காரணம் அவரேதான். கனரக வண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கண், காது, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். "இந்த லோடை இறக்கிட்டுப் போறேன்" என்று தள்ளித் தள்ளிப் போட்டதில் கெடு தாண்டிவிட்டது. லைசென்ஸில் கனரக வண்டிக்கான அனுமதி ரத்தாகிவிட்டது. சான்றிதழ் இப்போது கைக்கு வந்தாயிற்று. ஆனால் டெஸ்ட்டை முதலிலிருந்து கொடுத்தாக வேண்டுமாம். கம்பெனி மேனேஜரோ, "சனிக்கிழமைக்குள்ள லைசென்ஸோட வாங்க. இல்லேன்னா உங்க வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. சாயங்காலம் வந்து முகம் கழுவியதும் விதிமுறைப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவாள்.

"வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி என்ன பாப்பீங்க?"

"ஒரு சுத்து சுத்திப் பாப்பேன்."

"அப்படிச் சொன்னா மார்க் கிடையாது. ஒவ்வொண்ணா வாய்விட்டுச் சொல்லணுமாம்."

டயரை ஒரு தட்டு தட்டியே காற்றைக் கணிக்கிற மனுஷனைச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நடக்கவிட்டாள். நாலு கால்களும் டயர், விரிப்பு தார்ப்பாய். "போல்ட்டு இறுக்கமா இருக்கு, ஏர் லீக் இல்ல" என்று மேஜையிடம் ஒப்பித்தார் அவர். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இறக்கத்துல நியூட்ரல்ல விடலாமா?"

"கூடாது. எஞ்சின் வண்டியப் பிடிக்காது. மொத்த பாரமும் பிரேக் மேல விழும். சூடாகி பிடிக்காமப் போயிடும்." மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "இதெல்லாம் ஓட்டத் தெரியாதவனுக்கு எழுதி வெச்சது" என்று ஒரு குத்தும் வைத்தார்.

வியாழக்கிழமை டெஸ்ட். பரிசோதிக்க வந்தவர் ஒரு பெண் அதிகாரி, அநாவசியமாக ஒரு வார்த்தை பேசாதவர். கேள்விகளுக்கு டாண் டாண் என்று பதில் சொன்னார் நம்மவர். லாரியைச் சுற்றி வந்து ஒன்று விடாமல் ஒப்பித்தார். சாலையிலும் குறை சொல்ல இடமில்லை. மேம்பாலம் ஏறி இறங்கும்போது அதிகாரி தலை நிமிராமல் கேட்டார்.

"இப்ப எந்த கியர்ல போறீங்க?"

"அஞ்சாவதுங்க மேடம்."

"உங்க கையைப் பாருங்க."

பார்த்தார். வண்டி நியூட்ரலில் உருண்டுகொண்டிருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. டீசல் மிச்சம் பிடிப்பதில் வருஷா வருஷம் கம்பெனி அறிவிப்புப் பலகையில் முதல் பெயர் அவருடையது. அது இறக்கத்தில் இப்படி நியூட்ரலில் உருட்டியே வந்த பெயர். பழைய டிரைவர்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். அவர் கை மூளையைக் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டிருந்தது.

"இது ஒண்ணே போதும், ஃபெயில். பதினஞ்சு நாள் கழிச்சுதான் மறுபடி வரலாம்."

இனி சனிக்கிழமைக்குள் லைசென்ஸ் கிடைக்காது, வண்டியும் போயிற்று. மேனேஜருக்கு போன் செய்தபோது அந்தப் பக்கம் "சரிங்க" என்ற ஒரு சொல்தான் வந்தது. வீட்டுக்கு வந்து, பூசி மெழுகாமல் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை, வேறொன்றை நினைவுபடுத்தினாள்.

"போன வருஷம் லீவுல எங்களையும் வண்டியில கூட்டிட்டுப் போனீங்களே, அந்த மலைப்பாதையில. சின்னவ என் மடியில தூங்கிட்டு வந்தா. எறங்குறப்போ சத்தமே இல்லாமப் போகுதே வண்டின்னு நான்கூடச் சொன்னேன்."

அவருக்கு ஞாபகம் இருந்தது. பெருமையாகச் சிரித்ததும் ஞாபகம் இருந்தது.

"அன்னைக்கு லோடு இருந்துச்சா?"

"முப்பது டன்."

"அப்பவும் நியூட்ரல்தானா?"

வண்டி போயிற்றே என்று வழிநெடுக வெந்துகொண்டு வந்தவருக்கு இப்போதுதான் அன்று மடியில் தூங்கிவந்த சின்னவளின் முகம் நினைவுக்கு வந்தது.

"ஆமா" என்றார்.