நோலீனின் டிரெய்லர் பிரேக்

நோலீன் பாஸ்கோவைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவளுக்கு நடந்ததை முழுதாக அறிந்தவன் நான் ஒருவன்தான். செய்தவனே நான்தானே.

இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தவள். எந்தத் தட்டு சர்க்கரைக்காரருக்கு, எது உப்பில்லாதது என்று சீட்டைப் பார்த்து, மறுபடியும் பார்த்துத்தான் வார்டுக்கு அனுப்புவாளாம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எதை வாங்கினாலும் கூட வரும் விளக்கத்தாளைக் கடைசி வரி வரை படித்து, காலி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வைப்பாள். ஆஸ்திரேலியாவில் டுவூம்பா மலையுச்சியில், வண்டிகளையே வீடாக்கிக்கொண்டவர்கள் தங்கும் எங்கள் கேரவன் பார்க்கில் அந்த டப்பாவைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. அதிகம் கேலி செய்தவன் நான்.

அவளும் புருஷன் ஆல்ஃபும் ஒரு பழைய மினி பஸ்ஸை வீடாக மாற்றி ஆறு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார்கள். அவன் பஸ்ஸை ஓட்ட, இவள் பின்னாலேயே சின்னக் காரை ஓட்டி வருவாள். போன வருஷக் குளிர்காலத்தில் ஆல்ஃப் இறந்துபோனான். பஸ் என் வண்டிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது. விற்றுவிடுவாள் என்று எல்லாரும் நினைத்தோம். அவளோ ஞாயிற்றுக்கிழமைகளில் கண்காட்சி மைதானத்தைச் சுற்றிச் சுற்றிப் பஸ் ஓட்டிப் பழகினாள். ஒருநாள் காரை ஏற்றிக்கொண்டு போக ஒரு டிரெய்லரும் வந்து சேர்ந்தது.

"பண்டபெர்க்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நானே ஓட்டிட்டு," என்றாள்.

பண்டபெர்க் போக வேண்டுமானால் முதலில் மலை இறங்க வேண்டும். காரோடு சேர்த்து டிரெய்லர் ஒன்றரை டன். அதற்கென்று தனி பிரேக் உண்டு. ஓட்டுநர் பெடலை மிதித்தால் டிரெய்லர் சக்கரமும் பிடிக்கும்படி செய்ய, டேஷ்போர்டில் கன்ட்ரோலர் என்று ஒரு பெட்டி மாட்ட வேண்டும். அது வேலை செய்யாவிட்டால் இறக்கத்தில் டிரெய்லர் பஸ்ஸைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளும்.

"நானே மாட்டிக்கறேன். தாள்ல எல்லாம் எழுதியிருக்கு," என்றாள்.

நான் விடவில்லை. முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் பக்கத்து வண்டியில் இருக்கும்போது ஒரு சமையல்காரி வயரைத் தொடுவதா? நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

நான் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். அவள் மூக்குக்கண்ணாடியும் தாளுமாகப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நெவில், இந்தப் பெட்டி பன்னெண்டு வோல்ட்டுன்னு போட்டிருக்கு. பஸ் இருபத்துநாலு இல்லயா?"

"தெரியும். அதனாலதான் உன் ஃப்ரிட்ஜ் ஓடற பேட்டரியிலேர்ந்து கரண்ட் எடுக்கறேன். அது பன்னெண்டு."

"சரி. பெடல்லேர்ந்து வர்ற வயரு?"

"நோலீன், நீ போய் டீ போடு."

பெடல் வயரும் இருபத்துநாலு. நடுவில் ரிலே என்ற சின்ன சுவிட்ச் ஒன்றை வைக்காமல் அதைப் பெட்டியில் கொடுக்கக் கூடாது. டிப்போவில் புதிதாகச் சேர்ந்தவனுக்குக்கூட இது தெரியும். அவள் கேட்டதே அதைத்தான். வாயை அடைத்துவிட்ட சந்தோஷத்தில் கேள்வியை நான் காதில் வாங்கவில்லை. நேராக முறுக்கிவிட்டு, கையால் பெடலை அழுத்தினேன். உஸ்ஸென்று ஒரு சத்தம், கொஞ்சம் தீய்ந்த வாசனை. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் பிறகு எத்தனை முறை அழுத்தியும், பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டும் எண் அசையவில்லை.

அவள் டீயும் பழக் கேக்குமாக வந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால், கிரஹாம் என்று ஒருவன் இருக்கிறான். ஓய்வு பெற்ற பல் டாக்டர். இரண்டு வருஷத்துக்கு முன் இதே தப்பைச் செய்து தன் வண்டியின் ரேடியோவைக் கருக்கினான். அந்தக் கதையை நான் நடித்துக் காட்டாத சாயங்காலம் கிடையாது. பார்க்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு அவன் பெயர் தெரியும் முன்பே ரேடியோ தெரிந்துவிடும்.

ஐந்து மணிக்கு எல்லாரும் அவரவர் நாற்காலியும் பானமுமாகப் புல்தரையில் கூடுவது எங்கள் வழக்கம். அன்று நோலீன் எழுந்து நின்று, "நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் கிளம்பறேன். நெவில் மாட்டிக் குடுத்துட்டான்," என்றாள். என் முதுகில் தட்டினார்கள். நான் பியர் குடித்தேன். விடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம், பஸ் பிரேக்கே போதும், மெதுவாகத்தானே இறங்குவாள் என்றும் நினைத்தேன். எவ்வளவு கேவலமான நினைப்பு என்பது நினைக்கும்போதே தெரிந்தது.

காலை ஆறு மணிக்கெல்லாம் அவள் வண்டியின் கதவு திறந்திருந்தது. நான் என் ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இருபது அடி தூரம்தான். போகவில்லை.

யார் கிளம்பினாலும் எல்லாரும் கேட்டுக்கு வந்து கையசைப்போம். அன்றும் இரவு உடையில் பாதிப் பேர் நின்றார்கள். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். பஸ் வந்தது. கேட்டுக்குச் சற்று முன்னால் வேகத்தைக் குறைத்து, பெட்டியில் இருக்கும் கைப்பிடியைத் தள்ளினாள். அப்படித் தள்ளினால் டிரெய்லர் சக்கரம் மட்டும் பிடித்து மொத்த வண்டியையும் நிறுத்த வேண்டும். வண்டி பாட்டுக்கு உருண்டது. இன்னொரு முறை தள்ளினாள். பிறகு பெடலை மிதித்து நிறுத்தி, இறங்கி வந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னிக்குப் போகல," என்றாள். "பிரேக்ல ஏதோ கோளாறு. ஒரு தடவ பார்த்துட்டுப் போன்னு நெவில் சொல்லியிருந்தான். நல்லவேளை."

நான் அப்படி எதுவுமே சொல்லவில்லை.

"நெவில் இருக்கறப்ப என்ன கவலை," என்று யாரோ சொன்னார்கள்.

நான் அவள் பின்னாலேயே பஸ்ஸுக்குள் போனதும் அவள் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து தாளை எடுத்தாள். "பெடல அமுக்கினா டிரெய்லர் சக்கரம் லேசா முனகணும்னு போட்டிருக்கு. நேத்து நீ போனதுமே பெடல ஒரு மரக்கட்டைய வெச்சு அமுக்கிட்டு, பின்னால போய்க் கேட்டேன். முனகல."

"அப்புறம் எதுக்குக் கேட் வரைக்கும் வந்த?"

"நீயே வந்து சொல்லுவியோன்னு. ஆறு மணிலேர்ந்து கதவத் தெறந்து வெச்சிருந்தேன். வரல. சரி, கேட் வரைக்கும் பார்ப்போம்னு வந்தேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் வரவழைத்த புதுப் பெட்டி நான்கு நாளில் வந்தது. ரிலேயும் வாங்கி வந்தேன். டேஷ்போர்டுக்கு அடியில் குனியப் போனவனைத் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"நான் பண்றேன். நீ டார்ச்சப் பிடி."

பிடித்தேன். ஒவ்வொரு வயரையும் தாளோடு ஒத்துப்பார்த்து, மறுபடியும் பார்த்து மாட்டினாள். இரண்டு முறை, "ஆட்டாம பிடி, நெவில்," என்றாள்.

மறுநாள் காலை கேட்டருகே அவள் கைப்பிடியைத் தள்ளியபோது டிரெய்லர் சக்கரங்கள் சரளையில் கோடு கிழித்து நின்றன. எல்லாருக்கும் கையசைத்தாள். எனக்கும் அசைத்தாள். மலையடிவாரத்திலிருந்து பார்க் ஆபீசுக்கு போன் செய்து, நல்லபடி இறங்கிவிட்டதாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன், டீ போடச் சொன்னதிலிருந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்தது வரை. யாரும் சிரிக்கவில்லை.

"தெரியும் நெவில்," என்றான் கிரஹாம். "அவ ஒண்ணும் சொல்லல. அன்னிக்குக் கேட்ல உன் மூஞ்சியப் பார்த்தோம்."

நான்கு நாளாக அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கிரஹாம்கூட ஒரு வார்த்தை விடவில்லை. அந்த நான்கு சாயங்காலமும் நோலீன் எனக்கு நேர் எதிரில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது நான் எழுந்திருக்கவில்லை.