ஐடா மிஸ்ஸும் நிழற்குடைத் திறப்பு விழாவும்

ஆண்டர்சன்பேட்டையில் ஐடா மிஸ்ஸிடம் வயலின் படித்தவர்கள் இரண்டு வகை. பாதியில் விட்டவர்கள் தெருவில் அவரைக் கண்டால் பணிவாக வணக்கம் சொல்வார்கள். விடாமல் தொடர்ந்தவர்கள் பக்கத்துச் சந்துக்குள் புகுந்துவிடுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியையாக இருந்து அவர் ஓய்வு பெற்றபோது நிர்வாகம் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. இனி நேரத்தைத் தெரிந்துகொண்டு என்ன செய்ய என்று மிஸ் மேடையிலேயே கேட்டார். அவரே ஒரு பதில் கண்டுபிடித்தார். இளைஞர் இசைக்குழு ஆரம்பித்தார்.

பத்துப் பன்னிரண்டு வயலின், தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய செல்லோ ஒன்றே ஒன்று. வாசிப்பவர்களில் பெரும்பாலோர் விடியும் முன்பே மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதையும் மிஸ் எடுத்துக்கொண்டார். செல்லோக்காரன் ராகேஷ் ஒத்திகையில் வில்லைப் பிடித்தபடியே தூங்குவான்.

"இன்னாடா, தாலாட்டு வாசிக்கிறியா, கேக்குறியா?" என்பார் மிஸ்.

போன வருடம் மனோகர் அவரைத் தேடி வந்தார். ஊரிகம் ஸ்டேஷன் பக்கம் புதிதாகக் கட்டிய பேருந்து நிழற்குடைக்குத் திறப்பு விழா. இவர் விழாக்குழுச் செயலாளர். ஒல்லியானவர்களாகப் பார்த்து நிறுத்தினால் அந்த நிழற்குடையில் ஆறு பேர் நிற்கலாம். அதைத் திறக்க பெங்களூரிலிருந்து ஒரு பெரிய பிரமுகர் வருகிறாராம்.

"சார் கார்லேர்ந்து எறங்கினதும் உங்க பசங்க வாசிக்கணும் மிஸ். அவரு சேர்ல உக்காந்ததும் நான் கர்ச்சீப் ஆட்டுவேன். டக்குனு நிறுத்திடுங்க."

"நடுவுல நிறுத்த மாட்டோம் மனோகர்."

"இன்னா மிஸ், தமாஷ் பண்றீங்க," என்று சிரித்தபடி அவர் போய்விட்டார். ஐடா மிஸ் தமாஷ் செய்து அதுவரை யாரும் பார்த்ததில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மதியமே வர வேண்டிய பிரமுகர் பொழுது சாயும்போது வந்தார். அதுவரை பிள்ளைகள் வெயிலில் காய்ந்தார்கள். தந்திகளின் சுருதி இறங்க இறங்க மிஸ் ஏற்றிக்கொண்டே இருந்தார். முதல் வயலின் வாசிக்கும் மமதா மட்டும் கேட்டாள்: "காலைல ட்ரெயின் புடிக்கணும் மிஸ். போய்டட்டுமா?"

"போ. வாசிச்சிட்டுப் போ."

கார் வந்து நின்றது. மிஸ் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் கையை உயர்த்தினார். மாதக்கணக்கில் பழகிய மெதுவான, நீண்ட இசை தொடங்கியது. பிரமுகர் மேடையேறி நாற்காலியைத் தொட்டார். மனோகர் கைக்குட்டையை ஆட்டினார். மிஸ்ஸின் முதுகுக்கு அது தெரியவில்லை.

பிரமுகருக்கு ஒரு சந்தேகம் வந்தது. விறைப்பாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், உயர்த்திய கை, கம்பீரமான மெட்டு. இது ஏதோ கீதம். உட்கார்ந்தால் நாளை பேப்பரில் வந்துவிடும். அவர் விறைத்து நின்றார். அவரைப் பார்த்து மேடை நின்றது. மேடையைப் பார்த்துக் கூட்டமும் எழுந்தது. கீதத்தின்போது கைக்குட்டை ஆட்டலாமா? மனோகர் அதை மடித்துப் பைக்குள் வைத்தார்.

ஐடா மிஸ்ஸின் காதில் விழுந்ததெல்லாம் பின்னாலிருந்து வந்த அமைதிதான். அவர் வாசித்த கல்யாணங்களில் பந்திக்கு அழைக்கும் சத்தம்தான் இசையை முந்தியிருக்கிறது. இங்கே ஒரு செல்போன்கூட ஒலிக்கவில்லை. ஊர் கேட்கிறது என்று நினைத்தார். முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல் விரலைச் சுழற்றினார்: முதலிலிருந்து, இன்னொரு முறை. ராகேஷ்கூட விழித்திருந்தான்.

முடிந்ததும் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் நின்றிருந்தார்கள். மிஸ்ஸின் கண் நிறைந்துவிட்டது.

மனோகர் ஓடிவந்து காதருகே கேட்டார்: "எந்த நாட்டு கீதம்னு சார் கேக்குறாரு மிஸ்."

மிஸ்ஸுக்கு எல்லாம் விளங்கியது. வந்த கண்ணீரைத் திருப்பி அனுப்பவா முடியும்? துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சிருச்சி. உக்காரச் சொல்லுங்க."

பிரமுகருக்கு அதற்குள் அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டது. உரையாற்றாமலே ரிப்பனை வெட்டிவிட்டுக் கிளம்பினார். கூட்டம் பலமாகக் கைதட்டியது. இசைக்காகவா, இல்லாமல் போன உரைக்காகவா என்று யாரும் விசாரிக்கவில்லை. இசைக்குத் தலைவணங்கிய பண்பாளர் என்று மறுநாள் பேப்பரில் படம் வந்தது. ஒரு மாதம் முகம் கொடுக்காமலிருந்த மனோகர், அடுத்த விழாவுக்கு அவராகவே வந்தார்: "அதே பாட்டு மிஸ். எல்லாரும் எழுந்து நிக்கிற மாதிரி."

அந்த ஞாயிறு ஒத்திகையில் மமதா கேட்டாள்: "அன்னிக்கு அவங்க கேக்கவே இல்ல, இல்ல மிஸ்?"

"நின்னாங்க இல்ல? நிக்கிறவங்களுக்குக் காது மூடிக்குமா? வில்லை எடு. அன்னிக்கு ரெண்டாவது வாட்டி நீ ஒரு சுரத்தை முழுங்கிட்ட."