லூனன் பாலத்தடியில் நின்ற பாக்கியம் அக்கா

செய்தி வந்தபோது நான் பலெர்மோ நகரின் பல்லாரோ சந்தையில் கத்தரிக்காய் தெரிந்துகொண்டு நின்றேன். "அம்மா, ஒல்லாந்திலை பாக்கியம் பெரியம்மா மோசம் போயிட்டா" என்று மகள் சுமதி போனில் சொன்னாள். "அதை ஏன் எனக்குச் சொல்லுறாய்?" என்று கேட்டுவிட்டுக் காயை நிறுக்கக் கொடுத்தேன். வீட்டுப் படி ஏறும்போதுதான் காயைச் சந்தையிலேயே விட்டுவந்தது தெரிந்தது.

மூன்றாம் நாள் அக்காவின் மகன் போன் எடுத்தான். "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடிக்கிறம், சின்னம்மா. நீங்கள்தான் அம்மாவைப் பற்றி எழுதவேணும்." எழுதுகிறேன். பலெர்மோவில் அவரை அறிந்தவர்களே, அவர் மேல் நீங்கள் இன்றுவரை வைத்திருக்கும் மனக்குறை நான் உண்டாக்கியது. அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் அக்காதான் ஒரேத்தோ தெருவில் ஓர் இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் என்னை வீட்டு வேலைக்குச் சேர்த்துவிட்டார். முதல் மாதமே காய்ச்சல். வேலை போய்விடும் என்று அழுதேன். அக்கா என் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஐந்து நாள் எனக்குப் பதிலாகப் போய்வந்தார்.

"சிஞ்ஞோரா கண்டுபிடிக்கேல்லையோ அக்கா?"

"எங்கை கண்டுபிடிக்கிறது? 'ராசம், நீ மெலிஞ்சிட்டாய்' எண்டு சொல்லி எனக்குப் பால் காய்ச்சித் தந்தவ. அவையளுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகமடி."

பிறகு அக்கா மகனோடு ஒல்லாந்துக்குப் போய்விட்டார். வெக்ட் என்ற ஆற்றின் கரையில் லூனன் என்று ஒரு சின்ன ஊர். ஞாயிறு தவறாமல் எடுப்பார். "இஞ்சை வீட்டு முன்வாசல் ஆத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது. அந்தக் காலத்துப் பணக்காரர் தேத்தண்ணி குடிக்கவெண்டே தண்ணிக்கரையிலை தனியா ஒரு குட்டி வீடு கட்டி வைச்சிருக்கினம். வள்ளம் வந்தால் பாலத்தைத் தூக்குவினம். கார்க்காரர் எல்லாரும் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு வாய் திறக்காமல் நிப்பினம். உங்கை பலெர்மோவிலை எண்டால் ஹோர்ன் அடிச்சே பாலத்தை விழுத்திப்போடுவாங்கள்." நானும் சிரிப்பேன். சிரிக்கும்போது என் கை குளோரின் மணக்கும். இவவுக்குத் தேத்தண்ணி வீடு, எனக்கு மற்றவர் கக்கூசு என்று மனம் கறுக்கும். அவர் அங்கேயும் ஒரு முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்தார் என்பதை நான் கேட்டு அறியவில்லை.

என் கணவர் இறந்த அன்று, ஆருக்கெல்லாம் அறிவிக்க வேண்டும் என்று நானே இருந்து சொன்னேன். கலியாணத்துக்குத்தான் அழைப்பு வேண்டும். செத்தவீட்டுக்குச் செய்தி காதில் விழுந்தால் போதும், எம்மவர் வந்துவிடுவார்கள். அக்காவுக்கு நான் எடுக்கிறேன் என்று சுமதியிடம் சொன்னேன். எடுக்கவில்லை. மூன்று நாளும், "பாக்கியம் வரேல்லையோ?" என்று கேட்ட எல்லோருக்கும், "சொன்னனான், வரேல்லை" என்றேன். செத்தவீட்டுக்கு வராதவரோடு எமக்கு நன்மை தின்மைக்குப் போக்குவரத்து இல்லை. நீங்களும் உங்கள் பிள்ளைகளின் கலியாணங்களுக்கு அவரை அழைக்காமல் விட்டீர்கள். அவர் எனக்கு எடுத்த அழைப்புகளை நான் தொடவில்லை.

போன கோடையில் சுமதி என்னை ஒல்லாந்துக்கு விடுமுறைக்குக் கூட்டிப்போனாள். ஊர் ஊராக ஆற்றில் போகும் சுற்றுலா வள்ளம். எந்த ஆறு என்று நான் கேட்கவில்லை. சுமதி ஒரு பலகையைப் பார்த்து, "லூனன்" என்று வாசித்த பிறகுதான் விளங்கியது. கரையோரத் தோட்டத்தில் பச்சை மிளகாய்ச் சாடிக்குப் பக்கத்தில் அக்கா குனிந்து நின்றார். நிமிர்ந்தார்.

"எடி ராசம்."

நான் மற்றக் கரையில் மேய்ந்த மாடுகளைப் பார்த்தேன். அந்த வள்ளம் மனிதர் நடக்கிற வேகத்தில்தான் போகும். அக்கா கரைத் தெருவால் கூடவே நடந்து வந்தார். பாலத்தடியில் வள்ளம் காத்து நின்றது. அவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். இரண்டு பாய் அகலத் தண்ணீர்தான் இடையில்.

"அம்மா, பெரியம்மா உங்களைத்தான் கூப்பிடுறா."

"ஆரெண்டு எனக்குத் தெரியாது" என்றேன். அவருக்குக் கேட்கத்தான் சொன்னேன்.

அக்கா கரை விளிம்புவரை இறங்கி வந்தார். பிறகு, "சாப்பிட்டிட்டியோடி?" என்றார். பாலம் எழும்பியது. வள்ளம் போய்விட்டது.

எழுதச் சொல்லி எடுத்த அன்று அக்காவின் மகனிடம் கேட்டேன்: "சித்தப்பாவின்ரை செத்தவீட்டைப் பற்றி அம்மா என்ன சொன்னவ?"

"செய்தி கிடைச்சதாம், வேலையிடத்திலை போக விடேல்லையாம். அந்தப் பிழை தன்ரை எண்டுதான் கடைசிவரைக்கும் சொன்னவ."

நான் அவருக்கு எந்தச் செய்தியும் அனுப்பவில்லை; அறிவித்தேன் என்று நான் சொன்ன கதைதான் பிறகு யாரோ வழியாக அவரிடம் போயிருக்கும். நான் பொய்க்காரி ஆகிவிடக்கூடாது என்று, பெற்ற பிள்ளையிடம்கூட என் பொய்யைத் தன் பிழையாக்கிச் சொல்லியிருக்கிறார்.

என் பகைகளை ஆள், நாள், உடுத்திருந்த சேலை உட்பட என்னால் சொல்ல முடியும். அவர் பக்கத்தில் பகை ஒன்றும் இல்லை. பாக்கியம் அக்கா செத்தவீட்டுக்கு வராதவர் அல்லர், நான் அறிவிக்காதவள். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தப் பிழையைத்தான். இனி அது என் பெயரில் இருக்கட்டும். அவர் பெயரை உங்கள் வீடுகளுக்குள் திரும்பக் கூப்பிடுங்கள்.