இரண்டு முறை உடைத்த வளையல்கள்

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்து ஏரிக்கரையை அழகுபடுத்தப் புறப்பட்டார்கள். புதுச்சேரிக்குச் செல்லும் வெளிநாட்டுப் பயணிகள் ஊரில் சற்று நேரமேனும் இறங்கவேண்டும் என்பது கரைக் குழுவின் ஆசை. குழுத் தலைவர், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டியின் முதலாளி. துறையில் கிடந்த கருங்கற்களைப் பெயர்த்தெறிந்து சிமெண்டுப் படிகள் கட்டி, அவற்றுக்கு மஞ்சளும் நீலமும் பூசினார். மிதிபடகு விட்டார். எருமை கழுவுவதும் இறந்தவர்க்குக் காரியம் செய்வதும் பார்வைக்கு ஒவ்வாதவை என்று தடுத்தார்.

என் தங்கையை அவ்வூரில் கொடுத்திருந்தோம். அவள் கணவர் அதே மண்டியில் எடை போடுபவர், மாரடைப்பில் இறந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையுடன் நான் விழுப்புரத்திலிருந்து சென்றேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. விடியுமுன், பூவும் பொட்டும் கை நிறைய வளையலுமாக அவளைக் கடைசி முறை அலங்கரித்துத் துறைக்கு அழைத்துச் செல்வார்கள். கணவனை இழந்த கிழவிகள் மட்டும் சூழ்ந்து நின்று தாலியைக் கழற்றி, வளையல்களை உடைப்பார்கள். மற்றவர்கள் முதுகு காட்டி நிற்கவேண்டும். அந்தக் கொடுமையில் இருந்த ஒரே இரக்கம், யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதே.

என் தங்கையும் அதைத்தான் கேட்டாள். “ஜல்தி முடிச்சுடச் சொல்லுண்ணா. வெளிச்சம் வந்துடப் போவுது.”

துறையில் குழுவின் காவற்காரன் மறித்தான். “இன்னிக்கு வெள்ளைக்காரங்க வர்றாங்க. காரியம் கீரியம்னு பேஜாரு பண்ணாதீங்க.” தலைவர் எழுந்து வரும்வரை காத்திருந்து கெஞ்சினோம். அதற்குள் விடிந்துவிட்டது. “மதகு ஓரமா, கண்ணுல படாம முடிச்சுக்கினு போங்க” என்றார்.

முழங்கால் சேற்றில் அவளை நிறுத்தினார்கள். நான் திரும்பிக்கொண்டேன். வளையல் நொறுங்கும் ஓசையோடு காமிரா ஓசையும் கேட்டது. பயணிகளின் வேன் முன்னதாகவே வந்திருந்தது. வண்ணப் படிகளை அவர்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

“படிக்கட்டெல்லாம் இவங்க ஊர்லயே இருக்குதாம். நெசமானது இதுதானாம்” என்றான் அவர்களை அழைத்துவந்த வழிகாட்டி.

தலைவரின் முகம் மலர்ந்தது. “இன்னாம்மா சேத்துல நின்னுக்கினு! படிக்கு வாங்க. இன்னொரு வாட்டி ஒடைங்க, படம் தெளிவா விழும்.” வளையல் கடைக்கு ஆள் ஓடினான்.

“ஐயா, கழட்டின தாலியை மறுபடி எப்படிங்க கட்டிக் கழட்டறது?” என்றேன்.

“தாலி வேணாங்க. வளையல் போதும்.” சலுகை தருபவரைப் போலச் சொன்னார்.

தங்கை கணவரின் அண்ணன் என் கையைப் பிடித்தார். “நானும் அவரு மண்டியிலதான் இருக்கேன் மச்சான். கோடி போட வந்தவரு போட்டுட்டுப் போங்க.”

“விடுண்ணா” என்றாள் தங்கை. “மொதல் வாட்டி மட்டும் என்னைக் கேட்டா ஒடச்சாங்க?”

படியேறிக் கைகளை நீட்டினாள். வந்த வளையல்கள் சிறியவை. சோப்பு தடவி ஏற்றினார்கள். “ஆயா, மறைக்காத, தள்ளி நில்லு” என்று கிழவிகளை விலக்கினான் வழிகாட்டி. இம்முறை எவரும் முதுகு காட்டவில்லை. எங்கள் வீட்டுச் சுமங்கலிகளே படத்தில் விழுவதற்கு இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். கிழவிகள் சிமெண்டு விளிம்பில் அவள் மணிக்கட்டை மோதினார்கள். இரத்தம் வந்தபோது வெள்ளைக்காரப் பெண்மணி கண்ணீர் வடித்தவாறே மேலும் ஒரு படம் எடுத்தாள்.

நான் கோடியைப் போர்த்தினேன். பயணிகள் படகுக்கு இறங்கத் தொடங்கினார்கள்.

“கண்ணாடியை யாராவது கூட்டுங்கப்பா, வெறுங்கால்ல வர்றாங்க” என்றார் தலைவர்.

யாரும் அசையவில்லை. என் தங்கை குனிந்து, புதுப் புடவையின் முந்தானையில் சில்லுகளைப் பொறுக்கினாள்.