சாம்பல் கரிச்சானும் செலினும்

ஜெயசீலன் அண்ணன் நம்பரிலிருந்து காலையில் போன் வந்தால் பேசுவது செலினாகத்தான் இருக்கும். தன் போனுக்குச் சார்ஜ் போட மறந்துவிட்டு வீட்டுக்காரர் போனைப் பிடுங்கிக்கொள்வாள். அன்றும் அப்படித்தான் என்று நினைத்து, "என்னடி, இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டேன். மறுமுனையில் அண்ணன் அழுதுகொண்டிருந்தார். செலினுக்கு விடியற்காலையில் நெஞ்சுவலி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. குளிர்காலப் பறவைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த கார்த்திகை மாதம். அவள் போவதற்கு இதைவிட மோசமான மாதம் கிடையாது.

நம் பறவைக் குழுவில் உங்களுக்கெல்லாம் அவள் செலின் மேடம். எனக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் பல வருஷம் பக்கத்து மேஜைக்காரி. அதனால் கடைசிவரை 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். தரங்கம்பாடி லுத்தரன் குடும்பத்துப் பெண், கல்யாணமாகித் திருக்காட்டுப்பள்ளிக்கு வந்தவள். சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது ஜன்னல் வழியே மரத்தையே பார்க்கிறாள் என்று அண்ணன் குறைப்படுவார். "கர்த்தர் படைச்சதைத்தானே பார்க்கிறேன்" என்பாள்.

கரிச்சானை எல்லோருக்கும் தெரியும். வயல்வெளியில் கரண்ட் கம்பியில் பிளந்த வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் குருவி. குளிர்காலத்தில் அதே அச்சில் இன்னொன்று வரும், சாம்பல் கரிச்சான். டெல்டாவில் எப்போதாவதுதான் கண்ணில் படும். நிழலில் பார்த்தால் இரண்டும் கருப்புதான். ஒருமுறை கொள்ளிடக்கரையில் நான் ஒன்றைக் காட்டி, "சாம்பல்தான், பந்தயம்!" என்று குதித்தேன். வெயில் ஏறி அது பளபளவென்று கருப்பாக மின்னும்வரை என்னை அங்கேயே நிறுத்தி வைத்தாள். பிறகு சொன்னாள்: "முதல்ல எங்க உக்காந்திருக்குன்னு பாரு. அப்புறம் கண்ணைப் பாரு. நிறத்தைக் கடைசியாப் பாரு." வயல் கம்பியில் இருப்பது பெரும்பாலும் நம்மூர்க் கரிச்சான், அதன் கண் கருப்பாகத் தெரியும். சாம்பல் கரிச்சானுக்கு உயர்ந்த மரத்தின் உச்சிதான் பிடிக்கும், கண் குங்குமச் சிவப்பு. பசியோடு வீட்டுக்கு வந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இவ்வளவு தெரிந்தவளே ஒருமுறை ஏமாந்தாள். அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அவள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஆற்றோரம் ஒரு இலுப்பைத் தோப்பு இருக்கிறது. புறம்போக்கு நிலம். நெல் கொட்டக் களம் போடுவதற்காக அதை வெட்டுவதாகப் பஞ்சாயத்தில் பேச்சு வந்தது. களம் கேட்டவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, வருஷா வருஷம் ரோட்டில் கொட்டிய நெல் மழையில் நனைந்து முளைக்கிறது. தோப்பு நிற்க வேண்டும் என்று குழுவின் பெயரில் மனு கொடுத்தோம். மனுவுக்கு உயிரே செலின் கண்ட பறவைகள்தான். தோப்பை ஒட்டிய வயலில், தைப்பனியில், சாம்பல் கரிச்சான் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்ததாக எழுதியிருந்தாள். ஊரே அந்தப் பறவையைப் பற்றிப் பேசியது.

கிராமசபைக்கு முதல் நாள் இரண்டு பேரும் திரும்பப் போனோம். சம்பா அறுப்பு மும்முரம். அறுவடை மிஷின் ஓட ஓட, கிளம்பும் பூச்சிக்காகக் கரிச்சான்கள் பின்னாலேயே பாய்ந்துகொண்டிருந்தன. வைக்கோல் தூசும் சுணையும் புகையாகக் கிளம்பி எங்கள் தலையெல்லாம் நரைத்துவிட்டது. சாம்பலாகத் தெரிந்த ஒரு கரிச்சான் கம்பியிலிருந்து விழுந்தடித்துப் போய் வாய்க்காலில் ஒரு முங்கு போட்டது. மறுபடி கம்பிக்கு வந்து சிலிர்த்துக்கொண்டபோது அது கன்னங்கரேல் என்று இருந்தது. அடுத்தது முங்கியது, அதுவும் கருப்பு. செலின் பைனாகுலரை இறக்கிவிட்டு, "வைதேகி, எல்லாம் நம்ம ஊரு ஆளுங்கடி" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கூட்டம் முடியட்டும், அப்புறம் குழுவுல மெதுவாச் சொல்லிக்கலாம்" என்றேன். அவள் பைனாகுலரைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

மறுநாள் கூட்டத்தில் பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் மனுவைக் கையில் எடுத்ததும் எழுந்து நின்றாள். நான் புடவையைப் பிடித்து இழுத்து, "உக்காருடி, தோப்பு போயிடும்" என்று பல்லைக் கடித்தேன். கேட்டால்தானே?

"ஐயா, வயல்ல நான் பார்த்தது சாதாரணக் கரிச்சானுங்க. மிஷின் தூசுல சாம்பலாத் தெரிஞ்சுது. நான் எழுதினது தப்பு."

கொல்லென்று சிரிப்பு. "அப்ப மரத்தை வெட்டலாமுல்ல?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அது தெரியாதுங்க. தோப்புக்குள்ள இன்னும் சரியாப் பார்க்கல. பார்த்துட்டு வந்து சொல்றேன், அதுவரைக்கும் கொஞ்சம் பொறுங்க."

பிரசிடெண்ட் மனுவை மடித்து வைத்தார். "சரிம்மா, பார்த்துட்டு வாங்க" என்று அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார். பஸ்ஸில் திரும்பும்போது நான் அவளோடு பேசவே இல்லை. அவ்வளவு கோபம்.

அதற்குப் பிறகு ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் தினமும் தோப்பில் நின்றாள். கோபம் ஆறி நானும் போய் நின்றேன். ஒருநாள் உச்சிக்கிளையில் இலைமறைவில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. அது திரும்பி, வெயில் முகத்தில் பட்டு, அந்தச் சிவப்புக் கண் தெரிந்த பிறகுதான் என் கையைப் பிடித்தாள். போட்டோ எடுத்தாள், வந்தது வெறும் கருப்பு நிழல்.

அடுத்த கூட்டத்தில் அதைத்தான் கேட்டார்கள். "தோப்புல இருக்குங்க, என் கண்ணால பார்த்தேன்" என்று அவள் சொன்னதும், முன்பு சிரித்த அதே ஆள், "போட்டோல ஒண்ணும் தெரியலையே, எப்படி நம்புறது?" என்றார். செலின் பேசுவதற்குள் பிரசிடெண்ட் கையை உயர்த்தினார்.

"ஏம்பா, தனக்கு நட்டம்னு தெரிஞ்சும் தப்புன்னு இதே இடத்துல எழுந்து சொன்ன அம்மா இவங்க. இப்ப இருக்குன்னு சொல்றாங்க. இருக்கு. களத்துக்கு வேற இடம் பாருங்க."

களம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த பொட்டலுக்குப் போனது. நெல் நனைவதும் குறைந்தது, தோப்பும் நிற்கிறது. அன்று அந்தக் கூட்டத்தில் செலினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான் என்பதில் எனக்கு இருக்கும் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அடக்கத்துக்குக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்த உங்களில் பலர், கடைசி வரிசையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்ற வேட்டிக்காரர் யார் என்று கேட்டீர்கள். அவர்தான் அந்தப் பிரசிடெண்ட்.

அவள் பைனாகுலர் மகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, அதுதான் நியாயம். இந்தக் குளிர்காலப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு வாய் நீளம், வாக்குவாதத்தில் தோற்கப் பிடிக்காது என்பது ஊருக்கே தெரியும். போன வாரம் ஒரு பறவையைக் காட்டி, சாம்பலா கருப்பா என்று குழுவில் என்னைக் கேட்டீர்கள். "தெரியவில்லை, அது முகத்தைக் காட்டவில்லை" என்று எல்லோருக்கும் தெரிய எழுதினேன். எழுதும்போது கூச்சப்படுவேன் என்று நினைத்திருந்தேன். பெருமையாக இருந்தது. செலினிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பெருமையைத்தான்.